யாரில் எத்தனை பேர்? வகைத் தரவைக் குழுவாரியாகத் தொகுக்கும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் சிலருக்கு ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் டியூஷன் வகுப்புகளில் தொண்டூழியம் செய்பவர்கள். தங்கள் மாணவர்களின் எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவுகளைத் தொகுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் வருகிறார்கள். ஊர், பாலினம், தரம் போல எண்ணாக இல்லாமல் வகையாக இருப்பதுதான் வகைத் தரவு. நிரல் எழுத அவர்கள் அதிகம் திணறுவதில்லை. டேபிள் என்று ஒரு கட்டளை கொடுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம், விழுக்காடு போடும்போதுதான் தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். செந்தூலிலிருந்து 10 பேர், கிள்ளானிலிருந்து 40 பேர். தமிழ்மொழித் தாளில் செந்தூலில் 6 பேரும் கிள்ளானில் 12 பேரும் ஏ வாங்கினார்கள். இதை, எண்ணிக்கையை விகிதமாக்கும் ப்ராப்.டேபிள் கட்டளையில் அப்படியே போட்டால் செந்தூல் 12 விழுக்காடு, கிள்ளான் 24 விழுக்காடு என்று வரும். கிள்ளான் இரு மடங்கு முன்னே நிற்பது போலத் தெரியும். ஆனால் அந்த எண் மொத்தம் 50 பேரில் எத்தனை என்பதைத்தான் சொல்கிறது. மார்ஜின் 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக விழுக்காடு வரும். ஊரை வரிசையில் வைத்திருந்தால் செந்தூல் 60, கிள்ளான் 30. மார்ஜின் 2 என்றால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனியாக வரும்: ஏ வாங்கிய 18 பேரில் செந்தூல்காரர்கள் 33 விழுக்காடு, கிள்ளான்காரர்கள் 67 விழுக்காடு. மூன்றுமே சரியான கணக்குதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். பைதான் நிரல்மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் கிராஸ்டேப் கட்டளையைப் பயன்படுத்துவோருக்கும் இதே நிலைதான். நார்மலைஸ் என்ற இடத்தில் இண்டெக்ஸ், காலம்ஸ், ஆல் ஆகிய மூன்றில் எதைக் கொடுக்கிறோம் என்பதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். 'யாரில் எத்தனை பேர்?' என்று முதலில் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள், அப்புறம் நிரலைத் தொடுங்கள் என்று என் வகுப்பில் விடாமல் சொல்கிறேன்.

அந்த 'யாரில்' என்பது நமக்குத் தெரியாமலே மாறிவிடுவதும் உண்டு. எஸ்பிஎம்மில் தேர்வுக்கு வராதவருக்குத் தரத்துக்குப் பதில் டிஎச் என்று இருக்கும், வரவில்லை என்று பொருள்படும் திடாக் ஹாடிர் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஆரில் ரீட்_சிஎஸ்வி கொண்டு கோப்பைப் படித்தால் காலி இடம் என்ஏ, அதாவது 'தகவல் இல்லை' ஆகிவிடும், டேபிள் கட்டளையோ என்ஏவைத் தானாகவே விலக்கிவிடும். பாண்டாஸில் வேல்யூ கவுண்ட்ஸ், குரூப்-பை ஆகிய கட்டளைகளும் அப்படித்தான். கிள்ளானின் 40 பேரில் 8 பேர் வரவில்லை என்றால், ஏ வாங்கியவர்கள் 30 விழுக்காட்டிலிருந்து 37.5 ஆக உயர்ந்துவிடுவார்கள். ஒரு மாணவரும் கூடுதலாக ஏ வாங்கவில்லை. வராத பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். பள்ளியை விட்டு நழுவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அவர்களாகவே இருக்கக்கூடும், அவர்களைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். டேபிளில் யூஸ்என்ஏ என்பதற்கு இஃப்எனி என்று கொடுங்கள், பாண்டாஸில் டிராப்என்ஏவை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதற்கு அப்புறம் விலக்குவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

இன்னொன்று, எதை எண்ணுகிறோம் என்பது. ஒரு மாணவருக்கு ஒன்பது பாடம் என்றால் கோப்பில் ஒன்பது வரிசை இருக்கும். அதைக் கவுண்ட் செய்தால் கிடைப்பது தாள்களின் எண்ணிக்கை. 'இத்தனை மாணவர்கள் ஏ வாங்கினார்கள்' என்று அறிக்கையில் எழுதினால் அது பிழை. மாணவர்களை எண்ண, ஒருவரை ஒரு முறை மட்டுமே எண்ணும் என்_டிஸ்டிங்க்ட் கட்டளை வேண்டும்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நம் ஊரில் எல்லாருக்கும் பழகியதுதான். கோலாலம்பூர், கே.எல்., விலாயா பெர்செகுத்துவான் என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். பினாங்கும் பூலாவ் பினாங்கும் இரண்டு மாநிலங்கள். சொல்லின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தனிக் குழுவாகிவிடும். தொகுப்பதற்கு முன் என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று ஒரு முறை பட்டியலிட்டுப் பாருங்கள்.

தரங்களின் வரிசைதான் அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தவுடன் தெரியாது. எஸ்பிஎம் தரங்கள் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, இ, ஜி என்று இறங்கும். நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் கணினி அகர வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஏ முதலிலும் ஏ பிளஸ் பிறகும் வரும், சிக்குப் பிறகே சி பிளஸ் வரும். கிரெடிட் என்பது சி வரை. சி வரை கூட்டுத்தொகை எடுத்தால் சி பிளஸ் வாங்கியவர்கள் அத்தனை பேரும் கிரெடிட் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். தரத்தை ஃபேக்டர் (ஆரில் வகைத் தரவைச் சேமிக்கும் வடிவம்) ஆக்கும்போது லெவல்ஸில் பத்துத் தரங்களையும் நீங்களே வரிசையாக எழுதிவிடுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு. ஆரின் டிப்ளையர் தொகுப்பில் கவுண்ட் செய்யும்போது .டிராப் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால், ஒருவரும் ஜி வாங்காத குழுவிலும் ஜி என்ற வரிசை 0 என்று நிற்கும். இல்லாவிட்டால் அந்த வரிசையே காணாமல் போய்விடும்.

ஆண்டைக் குறிக்கும் ஃபேக்டரை நேராக எண்ணாக மாற்றினால் 2019, 2021, 2022 என்பவை 1, 2, 3 ஆகிவிடும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும். ஆரில் மோட் என்ற கட்டளை முகட்டை, அதாவது அதிகமுறை வரும் மதிப்பைத் தராது, தரவு எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும்.

குழுக்களை ஒன்றாகச் சேர்ப்பதில் உள்ள ஆபத்துக்கு ஆரிலேயே ஓர் உண்மைத் தரவு இருக்கிறது. யூசிபிஅட்மிஷன்ஸ் என்று தட்டினால் போதும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் ஆறு பெரிய துறைகளின் மேற்பட்டப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த 4,526 பேர் அதில் இருக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஆண்களில் சுமார் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தால் ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விழுக்காடுதான் கூடுதல். ஏ துறையில் பெண்கள் 82, ஆண்கள் 62. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், அதனால்தான் மொத்தக் கணக்கு அப்படித் திரும்பியது. நம் செந்தூல், கிள்ளான் ஒப்பீட்டிலும் ஆண், பெண் என்றோ பள்ளி என்றோ இன்னொரு முறை பிரித்துப் பார்க்காமல் எந்த ஊரையும் குறை சொல்லிவிடக் கூடாது.

அதே சமயம் பிரித்துக்கொண்டே போனால் குழு சிறுத்துவிடும். செந்தூலில் ஒரே ஒரு பிள்ளை ஏ வாங்குவது மாறினால் 10 விழுக்காட்டுப் புள்ளி ஏறும் அல்லது இறங்கும். அதனால் 60 என்று மட்டும் எழுதாமல் '60 விழுக்காடு, 10 பேரில் 6 பேர்' என்று எழுதுங்கள். அறிக்கையைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் கட்டங்களைப் பாருங்கள். செந்தூல், பெண், ஜி என்ற கட்டத்தில் 1 என்று இருந்தால் அது எந்தப் பிள்ளை என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அங்கே டி, இ, ஜி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகும் அந்தக் கட்டத்தில் ஒருவர்தான் என்றால், அந்த அட்டவணையில் ஆண், பெண் பிரிவை எடுத்துவிடுங்கள்.