‘எப்படி நம்பினீங்க?’ என்று கேட்பதற்கு முன்: காதல் மோசடியில் ஏமாந்தவருக்குக் கைகொடுப்பது எப்படி

அக்காவோ சித்தியோ, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரோ ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஒரு விஷயம் சொல்லணும், யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று ஆரம்பிக்கலாம். நெட்டில் பழகியவர், கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றவர், அவருக்காக அனுப்பிய பணம், இப்போது ஆளையே காணோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. போலீஸ், வங்கி, போர்ட்டல் எதுவுமே உங்களுக்குப் பழக்கமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதல் ஒரு மணி நேரம் பணத்துக்கு, அதற்கப்புறம் வரும் மாதங்கள் ஆளுக்கு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் நாள் முழுக்கத் திட்டும் விசாரணையும். புகார் கொடுக்கும் யோசனை மூன்றாம் நாள்தான் வருகிறது. அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டி, யாரோ ஏடிஎம்மில் எடுத்துவிட்டிருப்பார்கள்.

புரிவதற்காக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரைப் பக்கம் 45 வயது டீச்சர். கணவர் இல்லை. திருமணத் தளத்தில் மறுமணத்துக்குப் பதிவு செய்கிறார். லண்டனில் டாக்டர் என்று ஒருவர் பழகுகிறார். காலையில் "சாப்பிட்டீங்களா", இரவு பத்து மணிக்கு நீண்ட பேச்சு. இரண்டு மூன்று மாதத்தில் பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகப் படம் வருகிறது. அடுத்து ஒரு போன்: "மேடம், டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ். உங்க பேருக்கு பார்சல் வந்திருக்கு, கிளியரன்ஸ் 35,000." கட்டிய மறுநாள்: "ஸ்கேன்ல உள்ளே பவுண்ட் நோட்டு தெரியுது. சர்டிஃபிகேட் எடுக்க 1,80,000 ஆகும். இல்லைன்னா உங்க மேலதான் கேஸ்." டாக்டரும் அந்தப் பக்கமிருந்து, "உனக்காகத்தானே அனுப்பினேன், இப்போதைக்குக் கட்டிடு, வந்ததும் தர்றேன்" என்பார். பணம் போனதெல்லாம் யாரோ தனி ஆட்களின் சேமிப்புக் கணக்குக்கு.

படி 1: 1930

சைபர் பண மோசடிப் புகாருக்கான உதவி எண் இது. இந்தியாவில் எங்கிருந்தும் அழைக்கலாம். ஏமாந்தவர் பேசும் நிலையில் இல்லையென்றால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் பேசுங்கள். 2021-ல் தொடங்கிய ஏற்பாடு இது. நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துப் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும்; அங்கே பணம் இன்னும் மிச்சமிருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

போன் போடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், தொகை, அப்புறம் பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான் வேண்டும். என்இஎஃப்டி என்றால் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். அதே சூட்டில் அவருடைய வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள்.

பணம் போய் ஒரு மாதம் ஆகிவிட்டதே என்றாலும் புகார் கொடுக்கத்தான் வேண்டும். அதே கணக்கில் இன்னும் பத்துப் பேர் பணம் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் "எல்லாம் திரும்பி வந்துடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "மூணு நாளைக்குள்ள சொன்னா பேங்க் முழுசா தந்துடும்" என்று வாட்ஸாப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அந்த விதி, நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து போன பணத்துக்கானது. நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை அதைக் காட்டிக் கேட்க முடியாது.

படி 2: எதையும் அழிக்க விடாதீர்கள்

அவமானத்தில் முதலில் கை போவது டெலிட் பட்டனுக்குத்தான். தடுத்து நிறுத்துங்கள். "உன்னைக் கண்டுபிடிச்சுட்டேன்டா" என்று அந்த ஆளுக்கு மெசேஜ் அனுப்பவும் வேண்டாம். உஷாராகி, அவன் பக்கத்திலிருந்து அழிக்க முடிந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விடுவான்.

வாட்ஸாப்பில் அந்தச் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, ‘மேலும்’, ‘எக்ஸ்போர்ட் சாட்’. இதை மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாம். கூடவே ஸ்கிரீன்ஷாட்டுகள்: போன் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி. ஃபேஸ்புக், இன்ஸ்டா என்றால் ப்ரொஃபைலின் லிங்க்கையும் நகலெடுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். பார்சல் படம், போலி ரசீது, கஸ்டம்ஸ் என்று பேசியவர்களின் எண்கள், பணம் போட்ட கணக்கு எண்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாட்டில் அவர் உலகத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருப்பார். போனை வாங்கி நீங்கள் படிக்கக் கூடாது. போன் அவர் கையிலேயே இருக்கட்டும். பணம் கேட்ட இடம், கணக்கு எண் கொடுத்த இடம், மிரட்டிய இடம் எங்கெங்கே என்று அவரே தேடி எடுக்கட்டும். நீங்கள் தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். எடுத்து முடித்த பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யலாம்.

அந்தரங்கப் படம் அவன் கையில் இருந்து, "ஊருக்கு அனுப்புவேன்" என்று மிரட்டினால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பான். ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் பெரிய தளங்களுக்குப் போகும், அதை வைத்து அவை அந்தப் படத்தைத் தடுக்கும். 18 வயதைத் தாண்டியவர்களுக்கானது இது.

படி 3: முழுப் புகார்

1930-ல் ஒரு ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் போர்ட்டலில் முழுப் புகாரையும் பதிவு செய்து, பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரில் போகும்போது அந்தப் பிரிண்ட் உதவும்.

புகாரில் கதை வேண்டாம், தேதி வரிசை போதும்: "இந்தத் தேதியில் இந்தத் தளத்தில் அறிமுகம். இந்தத் தேதியில் கஸ்டம்ஸ் என்று இந்த எண்ணிலிருந்து அழைப்பு. இந்தக் கணக்குக்கு 35,000." காதலைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், "திருமணம் செய்துகொள்வதாக நம்பவைத்தார்" என்று. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வரும், 3 ஆண்டு வரை சிறை. சாதாரண மோசடிப் பிரிவும் சேரும். அதனால் "நீங்களா அனுப்பினதுதானே, இதுல என்ன கேஸ்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள்.

எங்காவது கணக்கில் பணம் நிறுத்தப்பட்டிருந்தால் அது தானாகத் திரும்பி வராது, பெரும்பாலும் கோர்ட் உத்தரவு வேண்டும். எவ்வளவு, எந்த வங்கியில் நிற்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு, மனு போட வக்கீலைப் பாருங்கள்.

இன்னொரு சங்கடமான கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "அவர் உங்க கணக்குக்குப் பணம் போட்டு, வேற யாருக்காவது அனுப்பச் சொன்னாரா?" ஆம் என்றால் அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். மறைத்தால் பின்னாளில் இவரே குற்றவாளி மாதிரி நிற்க வேண்டி வரும். வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு முதலிலேயே போலீஸில் சொல்வதுதான் பாதுகாப்பு.

படி 4: ஆளைக் கவனிப்பது

இந்தப் படிதான் நீளம். இந்த மோசடியை ஆராய்ந்த உளவியலாளர் மோனிகா விட்டி இதை இரட்டை அடி என்கிறார்: பணமும் போகிறது, உறவும் போகிறது. அவர் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பணத்தை விட உறவு போனதுதான் அதிகம் வலித்திருக்கிறது. சிலர் அதைச் சாவு வீட்டுத் துக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் துக்கத்துக்கு யாரும் வந்து விசாரிப்பதில்லை. "இல்லாத ஆளுக்கு எதுக்கு அழறே" என்று வேறு கேட்கிறோம்.

கிண்டல் என்ன செய்யும் என்பதற்கு பிரான்ஸில் ஒரு உதாரணம். நடிகர் பிராட் பிட் என்று சொல்லி, செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களை அனுப்பி, ஒரு பெண்ணிடம் 8,30,000 யூரோ பறித்தார்கள். 2025 ஜனவரியில் டிஎஃப்1 தொலைக்காட்சி அவர் கதையை ஒளிபரப்பியதும் இணையம் முழுக்க அவரைக் கேலி செய்தது. கடைசியில் சேனலே அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டது. அவரைப் பார்த்துச் சிரித்த நாளில், இதே மாதிரி ஏமாந்த எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்!

சரி, என்ன சொல்லலாம்? "சொன்னதே பெரிய விஷயம்." "இனிமே நான் கூட இருக்கேன், போலீஸ், பேங்க் வேலையெல்லாம் சேர்ந்து பார்த்துக்கலாம்." "இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?" போதும். "படிச்சவங்க நீங்களே இப்படியா" என்பதை வாயிலேயே எடுக்காதீர்கள். 2022-ல் அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் இப்படி ஏமாந்ததாகப் புகார் கொடுத்தார்கள், போனது 130 கோடி டாலர். படித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

"அவருக்கும் ஏதோ கஷ்டம் இருக்கும்" என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கலாம். வாதாட வேண்டாம். அந்த ‘டாக்டரின்’ படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் சேர்ந்து தேடிப் பாருங்கள். பல சமயம் வேறு நாட்டில் வேறு பெயரில் யாரோ ஒருவரின் திருடிய படமாக இருக்கும். அப்புறம், இதன் பின்னால் இருக்கும் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள். மியான்மரில் மியாவடி, கம்போடியா போன்ற இடங்களில் வளாகம் வளாகமாக ஆட்களை அடைத்து, எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேச வைக்கிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி மாட்டியிருக்கலாம் என்று 2023-ல் ஐநா மனித உரிமை அலுவலகம் கணக்குச் சொன்னது. ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-ல் மியாவடியிலிருந்து மீட்டு வரப்பட்டார்கள். எல்லா மோசடியும் அங்கிருந்து வருவதில்லை. ஆனாலும் தன்னை ஏமாற்றியது பலர் சேர்ந்து நடத்தும் தொழில், தன் முட்டாள்தனம் இல்லை என்று தெரியும்போது குற்ற உணர்வு கொஞ்சம் இறங்கும்.

அந்த இரவு பத்து மணியையும் மறக்காதீர்கள். மாதக்கணக்கில் அந்த நேரத்துக்கு மெசேஜ் வந்து பழகியிருக்கிறது, இப்போது போன் சும்மா கிடக்கும். வேறு எண்ணிலிருந்து அவன் திரும்ப வந்தால் அந்த நேரத்தில்தான் மனசு இளகும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள், சீரியல் கதையாக இருந்தாலும் பரவாயில்லை. தூக்கம் போய், "இருந்து என்ன பண்றது" என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104, இரண்டும் இலவசம். அன்று இரவு தனியாக விடாதீர்கள்.

வீட்டில் யாருக்குச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அடகு வைத்த நகை, கைமாற்று, லோன் ஆப் என்று கடன் இருந்தால் ஒரு தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைக்கத் திட்டமிடுங்கள்.

படி 5: அடுத்த வலை

ஏமாந்தவர்களின் எண்கள் கை மாறும். சில வாரத்தில் ஒரு ‘சைபர் நிபுணரோ’ ‘அதிகாரியோ’ கூப்பிட்டு, "உங்க பணத்தை மீட்டாச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்பார். எவ்வளவு போனது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அதனாலேயே நம்பத் தோன்றும். பணத்தைத் திருப்பித் தர முன்பணம் கேட்டால் அது மோசடிதான். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி வரும் அழைப்புகளுக்குச் சில சோதனைகள். கஸ்டம்ஸ் துறை அனுப்பும் கடிதங்களுக்கு 2019 நவம்பரில் டின் என்ற ஆவண எண் கொண்டுவரப்பட்டது, அதைத் துறையின் தளத்தில் சரிபார்க்கலாம். தனி ஆள் கணக்குக்கு வரி கட்டச் சொல்லும் அதிகாரி கிடையாது. சந்தேகப்படும் போன் எண், யுபிஐ முகவரியை சைபர்கிரைம் போர்ட்டலிலேயே தேடிப் பார்க்கலாம். மோசடி அழைப்புகளை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். வங்கி ஆப்பில் தினசரி வரம்பைக் குறைத்து வைப்பதும் நல்லது.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் மறுபடி திருமணத் தளத்தில் பதிவு செய்ய ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். துணை தேடியதில் தப்பில்லையே. நேரில் பார்க்காத ஆளுக்குப் பணமோ படமோ அனுப்புவதில்லை என்று அவர் முடிவு செய்துகொள்ளட்டும். முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள் வந்துவிட்டதால் வீடியோ காலை மட்டும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை செய்வதாகச் சொல்லும் இடத்தின் பொது எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து விசாரியுங்கள். முதல் சந்திப்பு பத்துப் பேர் வந்து போகும் ஹோட்டலில் இருக்கட்டும். கூப்பிட்டால் நீங்களும் கூடப் போய் அடுத்த டேபிளில் ஒரு காபி சொல்லிக்கொண்டு உட்காருங்கள்.