ஹை-சி வரைபடத்தைப் படிக்கும் முறை

நரம்புச் செல்லும் கல்லீரல் செல்லும் ஒரே டி.என்.ஏ.வைத்தான் கொண்டுள்ளன. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள அந்த இழை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே அகலமுள்ள உட்கருவுக்குள் மடிந்திருக்கும் விதமும், எந்தச் செல்லில் எந்த மரபணு இயங்கும் என்பதில் பங்கு கொள்கிறது. அம்மடிப்பைக் காட்டும் ஹை-சி முறை 2009-இல் வெளியானது.

வரைபடத்தின் இரு அச்சுகளிலும் இருப்பது ஒரே குரோமோசோம். இரண்டு இடங்கள் எவ்வளவு அடிக்கடி அருகருகே வந்தனவோ, அவை சந்திக்கும் கட்டம் அவ்வளவு அடர்ந்த நிறம் பெறும். இழையில் அடுத்தடுத்து உள்ளவை எப்படியும் நெருங்கியே இருக்குமாதலால் மூலைவிட்டம் எப்போதும் அடர்ந்திருக்கும். அதை விட்டு விலகித் தெரியும் அடர்த்தியையே கவனியுங்கள்.

ஒரு கட்டம் டி.என்.ஏ.வின் 10,000 எழுத்துகளைக் (வேதிக் குறியீடுகளைக்) குறிக்கும் அளவில், மூலைவிட்டத்தை ஒட்டி முக்கோணங்கள் தெரியும்; தமக்குள் அடிக்கடி நெருங்கும் இழைப்பகுதிகளே இவை. கோஹெசின் என்னும் புரதம் இழையைக் கண்ணிபோல் இழுத்துக்கொண்டே சென்று, சி.டி.சி.எஃப். புரதம் அமர்ந்துள்ள இடத்தில் தடைபடுவதால் இவற்றின் எல்லைகளில் பல உருவாகின்றன.

பயிற்சிக்கு மனிதரின் 7-ஆம் குரோமோசோமில் உள்ள சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை எடுத்துக்கொள்ளலாம்; எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தெரியாது. கருவின் கை முளைக்கும்போது, சுண்டுவிரல் பக்கத்தில் அதை இயக்கும் முடுக்கிப் பகுதி, சுமார் 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் நடுவே கிடக்கிறது. எனினும் இரண்டும் ஒரே முக்கோணத்துக்குள் அடங்கும். அந்த முடுக்கியில் ஒற்றை எழுத்து மாறினாலே கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கக்கூடும். சுண்டெலியில் அதை நீக்கியபோது, மரபணு பழுதின்றி இருந்தும், கால்கள் குறுகிப்போயின.

பிறகு இரு வகைச் செல்களின் வரைபடங்களை ஒப்பிடுங்கள். முக்கோணங்கள் பெரும்பாலும் ஒத்திருப்பதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். கட்டத்தின் அளவை 1 லட்சம் எழுத்துகளுக்கு மேல் உயர்த்தினால், சதுரங்கப் பலகை போன்ற அமைப்பு தோன்றும். மரபணுக்கள் இயங்கும் பகுதிகள் தமக்குள்ளும் இயங்காத பகுதிகள் தமக்குள்ளும் கூடுவதே அதன் காரணம். செல் தன் வகையை அடையும்போது பக்கம் மாறும் பகுதிகளைக் குறித்துக்கொண்டு, எந்த மரபணு இயங்குகிறது என்பதைக் காட்டும், அதே செல்லின் ஆர்.என்.ஏ. அளவுகளை அருகில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். வரைபடம் லட்சக்கணக்கான செல்களின் சராசரி. மேலும், மேற்சொன்ன மரபணுவும் முடுக்கியும், அம்மரபணு இயங்காத திசுக்களிலும் ஓரளவு நெருங்கியே காணப்படுகின்றன.