பக் நாயின் மூச்சறிந்து வளர்த்தல்

பக் நாய் வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது அதன் மூச்சுச் சத்தத்தை. 2003ஆம் ஆண்டு ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே போன குட்டி நாயைப் பார்த்து ஆசைப்பட்டு, நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் இந்த இனத்தை வாங்கின. அது குறட்டை விடுவதையும் நாலடி ஓடியதும் இரைப்பதையும் "பக் என்றாலே இப்படித்தான்" என்று பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆறு வருடமாக வீட்டில் ஒரு பக் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நாய்க்குச் சோறு, நடை, குளியல், பயணம் எதுவானாலும், அதன் மூச்சுக்கு இது சரிப்படுமா என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

காரணம் அதன் முகத்தின் அமைப்பில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மூக்கெலும்பு குட்டையாகும்படி இனப்பெருக்கம் செய்தபோது, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. அதனால் நாசித் துளைகள் கீறல்போல ஒடுங்கியிருக்கின்றன. மென் அண்ணம், அதாவது வாயின் மேற்புறத்தில் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதை, நீண்டு தொண்டை வாயில் தொங்குகிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடற்சூட்டைத் தணிக்கிறது. மூக்கே இல்லாத குறையாகப் பிறந்த நாய்க்கு இந்த வழி பாதி அடைபட்டிருக்கிறது என்றால், சென்னை போன்ற கடலோர ஊரின் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாகாததால் மீதியும் சிரமப்படுகிறது.

ஆகவே குட்டி வாங்கும்போது நிறத்தையும் சுருளும் வாலையும் பார்ப்பதற்கு முன், நாசித் துளைகள் வட்டமாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லி, அது சிறிது நேரம் ஓடிவந்த பின் மூச்சு எத்தனை விரைவில் அடங்குகிறது என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பக் பல நூற்றாண்டுகளாகச் செல்வாக்குடன் வாழ்ந்த நெதர்லாந்திலேயே, மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்வதை 2019 முதல் அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது. வளர்ப்பவர் கைவிட்ட, வயது வந்த பக் ஒன்றைத் தத்தெடுக்க முடிந்தால் அதுவே மேல். அதன் மூச்சு எப்படிப்பட்டது என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

கோடையில் காலை ஆறு மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகே வெளியே கூட்டிச்செல்ல வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பகலில் மொசைக் தரையும் மின்விசிறியும் உள்ள அறை போதும். ஆனால் மின்வெட்டு நேரத்தில் ஆளில்லாத வீட்டில் கதவடைத்து விட்டுப் போகக் கூடாது. நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது. வெயிலுக்காக முடியை மழித்துவிடுவதும் தவறு, தோல் வெயிலுக்கு நேராகக் காட்டப்படும். வாரம் மூன்று முறை ரப்பர் பிரஷ்ஷால் வாரி, உதிரும் முடியை எடுத்துவிட்டாலே போதுமானது.

எங்கள் பக் நாய் மணிக்கு இரண்டு வயதானபோது, கத்தரி வெயில் தொடங்கியிருந்த ஒரு மாலை நாலரை மணிக்கு, தெருமுனைக் கடைவரைதானே என்று கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் அதன் வழக்கமான கரகரப்பு, ரம்பம் அறுப்பதுபோன்ற சத்தமாக மாறியது. நாக்கின் நுனி கரண்டிபோல அகன்று சுருண்டிருந்தது. ஈறுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. எச்சில் கயிறாகத் திரிந்து தொங்கியது. வீட்டுக்குத் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினேன். ஆட்டோவில் மடியில் ஈரத்துண்டோடு கிடத்தி மருத்துவரிடம் சேர்த்தபோதும் உடற்சூடு 40.6 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஆரோக்கியமான நாய்க்கு அது 38க்கும் 39.2க்கும் இடையில் இருக்க வேண்டும். மணி பிழைத்தது. அந்த நாலரை மணியை நான் இன்றும் மறக்கவில்லை.

இப்படி நேர்ந்தால் முதலில் குளிர்வித்துவிட்டு, அதன் பிறகே வண்டி ஏற்றுங்கள். சாதாரணத் தண்ணீரும் காற்றும்தான் மருந்து. நனைந்த துணியால் போர்த்தி மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரை வாயில் வற்புறுத்தி ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அது விரும்பிக் குடித்தால் குடிக்கட்டும். சூடு 39.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லையெனில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோகும். நாய் எழுந்து நடந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீரகமோ குடலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது மறுநாளோ அதற்குப் பிறகோதான் தெரியவரலாம்.

கழுத்துப்பட்டை பக் நாய்க்கு ஆகாது. இழுக்கும்போது ஏற்கெனவே குறுகிய மூச்சுவழி மேலும் நெரிபடுவதோடு, ஆழமில்லாத குழியில் துருத்திக்கொண்டிருக்கும் கண்களிலும் அழுத்தம் ஏறுகிறது. மார்பைச் சுற்றி வரும் பட்டையையே பயன்படுத்துங்கள். கண்ணைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள்: சிவப்பு, நீர் வடிதல், ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொள்ளுதல், கருவிழியில் நீலம் பூத்த மங்கல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவர் சாயச் சொட்டு விட்டுப் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் இன்னும் ஆழமாகிவிடும்.

மூக்கின் மேலுள்ள மடிப்பைச் சுத்தம் செய்வது தினசரி வேலை. நாயை மடியில் சாய்த்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் மடிப்பை மேலே தூக்கி, வெந்நீரில் நனைத்து ஆறவிட்டுப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். துணியில் பழுப்பு நிற அழுக்கு வரும். அது வருவது நிற்கும்வரை துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் துடைக்காமல் விட்டதைவிட மோசம். புளித்த வாடை அடித்தால் அங்கே பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று பொருள்.

வயது வந்த பக் எட்டுக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். கூடும் எடை தொண்டையைச் சுற்றியும் நெஞ்சிலும் கொழுப்பாகப் படிந்து மூச்சைத்தான் முதலில் பிடிக்கிறது. அதன் ஒரு நாள் தேவை சுமார் 400 முதல் 500 கலோரி. ஆளுக்கு ஒன்றாக நான்கு பேர் ஊட்டும் நான்கு இட்லியே அதில் பாதியை நெருங்கிவிடும். அந்தச் சுருங்கிய நெற்றியோடு அது அண்ணாந்து பார்க்கும்போது மறுப்பது கடினம் என்பதை அறிவேன். அன்றைய உணவை காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்கட்டும். விலாவைத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த சாம்பாரும் குழம்பும், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு இவை அறவே கூடாது.

தடுப்பூசிகளைக் குட்டிக்கு ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் தொடர வேண்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்கு எப்போதும் பயப்பட வேண்டும். சோறு மறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலென்று நமக்குப் போடும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாய்க்கு நஞ்சாகலாம். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், குட்டை மூக்கு நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஒடுங்கிய நாசித் துளையை அகலப்படுத்தவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் சிகிச்சை உண்டு. இளம் வயதிலேயே செய்தால் பலன் அதிகம்.

சில நேரம் பக் கழுத்தை நீட்டி, மூச்சை உள்ளிழுத்தபடி கொக்கரிப்பதுபோல் சத்தமிடும். இந்தத் தலைகீழ்த் தும்மல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கும். தொண்டையை மெதுவாக நீவிவிட்டு அமைதியாக இருங்கள். ஆனால் சாதாரண நாளில் நடக்கும்போதே நின்று நின்று இரைத்தாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தாலோ காத்திருக்கக் கூடாது.

இது தனியாக இருக்கத் தெரியாத நாய். ஓர் அறையிலிருந்து மறு அறைக்கும், சமையலறையிலிருந்து குளியலறை வாசலுக்கும் கூடவே வரும். நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது ஏற்றதல்ல. இரவில் அதன் படுக்கையை உங்கள் காதுக்கு எட்டும் இடத்தில் போடுங்கள். வாரம் ஒரு முறை, அது ஆழ்ந்து உறங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி, நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எண்ணிக்கை முப்பதுக்கு மேல் போய், இறங்காமல் நின்றால் அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள்.