பனையில் பதநீர் குறைவாக வடிகிறதா? மரத்தைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர், சோழவரம் பக்கம் மனை வாங்கியவர்கள் பலருடைய இடத்தில் வேலியோரம் நாலைந்து பனை நிற்கும். மாசியில் ஆள் வைத்துப் பதநீருக்காகப் பாளையை, அதாவது பூங்குலையைச் சீவுவார்கள், பக்கத்து மனைக்காரர் மரத்தில் கலயம் நிறையும், நம் மரத்தில் அடியில் நாலு விரல்கூட இருக்காது. உடனே 'இது மலட்டு மரம், வெட்டிடலாம்' என்ற பேச்சு வந்துவிடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. அதை விடுங்கள், பெரும்பாலும் குறை மரத்திலேயே இருக்காது; ஓலையில் இருக்கும், இல்லையென்றால் சீவுகிற விதத்தில் இருக்கும்.

முதலில் பதநீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். யூடியூபில் கனடாக்காரர்கள் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு எடுப்பதைப் பார்த்துவிட்டு, பனையின் தண்டிலும் துளை போடலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. மேப்பிளில் இரவு உறைபனி, பகலில் உருகும் வெயில் என்று மாறி மாறி வரும்போது கட்டைக்குள் அழுத்தம் ஏறி இறங்கித்தான் சாறு வடிகிறது. குளிர் சரியாக அமையாத வருடம் அங்கேயும் வாளி நிறையாது. அந்தச் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம்தான், 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். நம் பனையில் நடப்பதே வேறு. ஓலை வெயிலில் சமைக்கிற சர்க்கரையை, பூவுக்கும் காய்க்கும் போகிற வழியில் பாளையின் நுனியில் நாம் மறித்து எடுத்துக்கொள்கிறோம், அதனால்தான் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையோடு அப்படியே குடிக்கும்படி இருக்கிறது. தண்டில் துளை போட்டால் பதநீர் வராது, பனைக்கு அந்தக் காயம் கடைசிவரை ஆறவும் ஆறாது.

அப்படியென்றால் ஓலை இல்லாத மரத்தில் பதநீர் எங்கிருந்து வரும்? நன்றாக வளர்ந்த பனையின் கொண்டையில் 25 முதல் 40 பச்சை ஓலை இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். நாலைந்து ஓலை மட்டும் குருத்தைச் சுற்றி நிமிர்ந்து நின்றால், யாரோ கூரைக்கோ பந்தலுக்கோ மொட்டையடித்திருக்கிறார்கள் என்று பொருள். காய்ந்த காவோலையைக் கழிப்பது நல்லது, ஏறவும் வசதி. பச்சோலையை அளவுக்கு மீறிக் கழித்தால் அந்தப் பருவத்துக்கு அந்த மரத்திடம் எதிர்பார்க்காதீர்கள். குருத்தோலையில் கத்தரித்தது போல முக்கோண வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு வேலை செய்கிறது. குருத்தே வாடிச் சாய்ந்திருந்தால் குருத்தழுகலாக இருக்கலாம், அப்போது பதநீரை மறந்துவிட்டு மரத்தைக் காப்பாற்றப் பாருங்கள்.

ஆண் பனை, பெண் பனை வித்தியாசமும் உண்டு. பெண் பனையில்தான் பொதுவாகக் கூடுதலாக வடியும், ஆகவே ஆண் மரத்தைப் பக்கத்திலிருக்கும் பெண் மரத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. பெண் மரத்திலும், நுங்குக்கென்று குலையை வளரவிட்டுவிட்டு அதே மரத்தில் கலயமும் நிறைய வேண்டும் என்றால் நடக்காது. குத்தகைக்கு நுங்கு வெட்டுகிறவரிடம் எத்தனை குலையை அவருக்கு விடுகிறீர்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சீவல். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பிரச்சினை இங்கேதான். பாளையைக் கட்டி, கடிப்பு என்கிற இடுக்கியால் சில நாள் இதமாக நசுக்கி, நுனியைச் சீவிச் சீவி வந்தால்தான் ஒரு வாரம் பத்து நாளில் சொட்ட ஆரம்பிக்கும். நசுக்கியது போதாவிட்டால் பாளை அசைந்து கொடுக்காது. அதிகமானால் உள்ளே நார் கிழிந்து கறுத்துப்போகும். வடிய ஆரம்பித்த பிறகு காலை, மாலை இரண்டு வேளையும் சீவ வேண்டும், ஏனென்றால் மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆள் ஒருநாள் வரவில்லை என்றாலே மறுநாள் குறையும், இரண்டு மூன்று நாள் விட்டால் அந்தப் பாளை அநேகமாகப் போச்சு. சீவலும் மெல்லிசாக இருக்க வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், அரிவாள் மொண்ணையாக இருந்தால் வெட்டுவதற்குப் பதில் நசுக்கிவிடும்.

நீங்கள் ஏறிப் பார்க்க வேண்டாம், பழக்கமில்லாதவர் பனை ஏறவே கூடாது. ஏறுபவரிடம் போனைக் கொடுத்து, சீவி முடித்த கையோடு வெட்டு முகத்தை ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். வெளிர் நிறத்தில், வழவழவென்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுண்ணிய துளிகள் அரும்பி ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டால் சீவல் சரி. ஓரம் பழுப்பேறி, நார் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டு, முகம் காய்ந்து கிடந்தால் அரிவாளைத் தீட்டச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லாதீர்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரு நாளில் இரண்டு முறை அவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறவர் அவர், கூலியிலும் மரியாதையிலும் குறை வைக்கக் கூடாது.

சில மரத்தில் வடிவது வடிந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத்தான் வந்து சேராது. கலயத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது எண்ணூர்ப் பக்கக் கடற்காற்றில் கலயம் ஆடிப் பாளை நுனி வெளியே வந்து சாறு மட்டையில் வழியலாம். மட்டையில் எறும்புச் சாரை ஏறினால் அதுதான் சாட்சி. இரவில்தான் அதிகம் வடியும், மரநாயும் வௌவாலும் வருவதும் அப்போதுதான். கலயத்தின் வாயைப் பன்னாடையால் (மட்டை அடியில் இருக்கும் வலை போன்ற நாரால்) மூடிக் கட்டச் சொல்லுங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது.

மண்ணையும் பாருங்கள். நம் பகுதியில் மனையை மேடாக்க லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள், பனையின் அடி மூன்றடி நாலடி புதைந்து வேர் மூச்சுத் திணறும். மீஞ்சூர்ச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரைப் பல வருடம் உறிஞ்சியதில் கடல்நீரும் உள்ளே வந்துவிட்டது. பனை வறட்சியையும் உப்பையும் தாங்கும், சாகாது, ஆனாலும் தாங்குவது வேறு, செழிப்பது வேறு. அடிமரத்தைச் சுற்றிக் கொட்டிய மண்ணை அள்ளி, சிமெண்ட் போட்டிருந்தால் உடைத்து, மழைநீர் வேருக்கு இறங்க வழிவிடுங்கள். பலன் அடுத்த மழைக்காலம் கழிந்துதான் தெரியும்.

வருடா வருடம் எல்லாப் பாளையையும் சீவிய மரம் களைத்துப்போகும். பாளை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து வந்தால் ஒரு பருவம் முழுக்கச் சும்மா விடுங்கள், அப்புறம் சீவலாம்.

இவ்வளவும் சரி செய்த பிறகும் சில மரம் குறைவாகத்தான் தரும், பிறவியிலேயே அப்படி. அதை உறுதி செய்ய ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதி, எல்லாவற்றையும் ஒரே குடத்தில் ஊற்றுவதற்கு முன் ஒரு வாரம் தனித்தனியாக அளந்து குறித்து வையுங்கள். குறைவாகத் தருவது பெண் மரமென்றால் நுங்குக்கு விட்டுவிடுங்கள். புதிதாகப் பனை போட நினைப்பவர்கள் அதிகம் வடிகிற மரங்களுக்கு நடுவே நிற்கும் மரத்தில் ஒன்றிரண்டு குலையைப் பழுக்கவிட்டு அந்தக் கொட்டையை எடுங்கள்; பூக்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், விதையைத் தேர்ந்தெடுத்தே போடுங்கள்.