மொட்டைமாடித் தொட்டியில் நெய்தல்

நர்சரியில் ‘நீல அல்லி’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது வெளிநாட்டுக் கலப்பினம். பூ பெரிதாக, அடர் ஊதாவாக இருக்கும். அழகுதான், ஆனால் நம் குளங்களின் நெய்தல் அதுவல்ல. சென்னை நெய்தல் நிலம். அந்தத் திணைக்குப் பெயர் தந்த பூவை வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் செடியை அடையாளம் காணப் பழக வேண்டும்.

நெய்தல் பகலில் பூக்கும். காலை வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் கூம்பும். இப்படி மூன்று நான்கு நாள். பூ நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். நிறம் வெளிர்நீலம் அல்லது வெள்ளை. இதழ்கள் பெரும்பாலும் 10 முதல் 16, நுனி கூராக இருக்கும். இலையைத் திருப்பித் தடவிப் பாருங்கள்: வழவழப்பாக, ஊதா படர்ந்திருந்தால் நெய்தல். மெல்லிய ரோமம் தட்டுப்பட்டு, விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தால் அது இரவில் மலரும் அல்லி. காம்பு சேரும் இடத்தில், இலை மேலேயே குட்டிச்செடி முளைத்திருந்தால் கலப்பினம். தாமரை இலையில், நெய்தல் இலைக்கு இருப்பதுபோல் பிளவு இருக்காது.

ஏரியில் இறங்கிப் பிடுங்க வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022 முதல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். அங்கிருந்து ஒரு கிழங்குகூட எடுக்கக் கூடாது. வளர்ப்பவர்களிடம் வாங்குங்கள். கொட்டைப்பாக்கு அளவில், அழுத்தினால் கெட்டியாக இருப்பது நல்ல கிழங்கு. அமுங்கினால் அழுகல்.

தொட்டி 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் இருக்கட்டும். நிரம்பினால் 100 கிலோவைத் தாண்டும். மாடியில் தளத்தின் நடுவே வைக்காமல் சுவர் அல்லது பீம் மேல் வையுங்கள். தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். குறைந்தால் இலைதான் வரும், பூ வராது.

மண்தான் பலரும் சறுக்கும் இடம். தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்த நர்சரிக் கலவையைப் போட்டால் நார் மிதக்கும், உரம் கரைந்து தண்ணீர் பச்சையாகும். களிமண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு போதும். 30 செ.மீ. அகலமுள்ள பேசினில் இந்த மண்ணை நிரப்பி, குருத்து வெளியே தெரியும்படி கிழங்கைப் புதையுங்கள். குருத்தை மூடினால் அழுகிவிடும். மேலே இரண்டு செ.மீ. கூழாங்கல் பரப்பி, தொட்டிக்குள் இறக்குங்கள். முதலில் மண்ணுக்கு மேல் 10 செ.மீ. நீர், இலை மேலே வர வர, 20 செ.மீ. வரை ஏற்றுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் இளங்குருத்து வெளிச்சத்தை எட்டுமுன் சோர்ந்துவிடும்.

மழைநீர் சிறந்தது. மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். கடலோரப் பகுதிகளின் உப்பேறிய போர் தண்ணீரில் இலை விளிம்பு கருகும்.

மூன்று நான்கு இலை விரிந்த பிறகு மாதம் ஒரு முறை டி.ஏ.பி. உரம் ஒரு டீஸ்பூன். செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, கிழங்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, மண்ணுக்குள் ஆழமாக அழுத்துங்கள். நீரில் தூவினால் செடிக்கு முன்னால் பாசிதான் சாப்பிடும்.

கொசுவுக்கு நாட்டு மீனான முண்டக்கண்ணி நான்கைந்து விடுங்கள். திலேப்பியா வேண்டாம், குருத்தைத் தின்னும். இலையில் துண்டு துண்டாக வெட்டு விழுந்தால், வெட்டிய துண்டைப் போர்த்தியபடி புழு மிதக்கும். கையால் எடுத்துப் போடுங்கள். அசுவினிப் பூச்சி வந்தால் இலையை நீருக்குள் அமிழ்த்தி அலசினால் மீன்கள் பார்த்துக்கொள்ளும். மருந்து அடித்தால் மீன்தான் முதலில் சாகும்.

அக்னி நட்சத்திரத்தில் நீர் வேகமாக இறங்கும். இரண்டு நாளுக்கொரு முறை நிரப்புங்கள். ஊருக்குப் போய் வருவதற்குள் தொட்டி வற்றி இலையெல்லாம் காய்ந்துவிட்டதா? செடியைத் தூக்கி எறியாதீர்கள். வற்றிய குளத்தின் சேற்றில் மழை வரும்வரை கிழங்காகக் காத்திருக்கும் செடி இது. கிழங்கு கெட்டியாக இருந்தால், ஈர மணலில் புதைத்து நிழலில் வைத்து, பிறகு மீண்டும் 10 செ.மீ. நீரிலிருந்து தொடங்குங்கள்.