புனோம் பென்னுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் ஊழியக்காரர்களுக்கு

விசாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், வந்தவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான். கம்போடியாவில் சுற்றுலா விசா, டி (T) வகை, 30 டாலர். சாதாரண விசா, ஈ (E) வகை, 35 டாலர். ஐந்து டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று டி வகையில் இறங்கிவிடாதீர்கள். அதை ஒரே ஒரு முறை, ஒரு மாதத்துக்குத்தான் நீட்டிக்கலாம். ஈ வகையை 1, 3, 6, 12 மாதம் என்று நீட்டிக்கலாம். ஆனால் 1 மாத, 3 மாத நீட்டிப்பில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் அத்தோடு அது முடிந்தது. ஊரில் திடீரென்று ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் ஓட வேண்டியிருக்குமே, அதனால் 6 மாதத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள். நாள் தாண்டினால் தினம் 10 டாலர் அபராதம். வீட்டுக்காரர் உங்கள் பெயரை வெளிநாட்டவர் பதிவில் ஏற்றினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீட்டிப்புக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள். வேலை அனுமதி அட்டை தனி. அதை யார் எடுத்துத் தருவது, யார் பணம் கட்டுவது என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "ஊழியம்தானே சிஸ்டர், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். அபராதம் கட்டியது நான்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இங்கே அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதி அரை நாளில் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருவார்கள், சாயங்காலம் கடைகளிலும் கம்பெனிகளிலும் வேலை முடித்தவர்கள் வருவார்கள். முதல் வாரம் நான் ஒவ்வொரு பாடத்துக்கும் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டேன். "யெஹ், டீச்சர்!" என்று முப்பது குரல். இந்த ஊர் மொழியான கெமரில் சொல்லின் கடைசியில் 'ஸ்' நிற்பதில்லை, காற்றாகப் போய்விடும். மறுநாள் நோட்டைத் திறந்தால் வெறும் தாள். ஆசிரியரிடம் "புரியவில்லை" என்று சொல்வது அவரைக் குறை சொல்வது மாதிரி. அதனால் புரிந்ததா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

நம் ஆங்கிலத்திலும் ஓட்டை உண்டு. மூன்று மாதம் கழித்து என் பிள்ளைகள் வேறொரு ஆசிரியையிடம் போய் "டுமாரோ இஸ் லீவ்" என்றிருக்கிறார்கள். அவர் பாவம், யார் எங்கே கிளம்புகிறார்கள் என்று தேடியிருக்கிறார். பாளையங்கோட்டை ஆங்கிலம் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத்தோல் ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை நமக்குக் கொடுக்க யோசிக்கும் இடங்கள் உண்டு. வருத்தம்தான். பேரம் பேசத் தயாராக வாருங்கள்.

மொழியைப் படிக்காமல் இருக்காதீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தவர். நாம் மட்டும் மைக்கும் மொழிபெயர்ப்பாளரும் கேட்கிறோம். கெமர் எழுத்து நம் பக்கத்துப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்ததுதான், பார்த்தால் கிரந்தத்தின் சாயல் தெரியும். ஆசிரியர் 'க்ரூ', அதாவது குரு. முகத்துக்கு 'முக்'. வேதாகமம் 'ப்ரெயா கம்பி'. வினைச்சொல் காலத்துக்குக் காலம் மாறாது என்பதால் இலக்கணம் சுலபம். நாக்குத்தான் சுளுக்கும். க-வும் க்ஹ-வும் வேறு வேறு எழுத்து, உயிரொலிகளோ நம் பன்னிரண்டைத் தாண்டி எங்கோ போகின்றன. எண்ணிக்கை ஐந்தோடு நின்று திரும்பும். ஆறு என்றால் 'ஐந்து-ஒன்று', ஏழு என்றால் 'ஐந்து-இரண்டு'.

உறவுமுறையில்தான் நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். கடைக்காரர், ஆட்டோக்காரர் யாரானாலும் ஓர் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவர் 'பொங்', இளையவர் 'ஊன்'. அப்பா அம்மாவை விட வயது கூடியவர் 'ஓம்'. குறைந்தவர் என்றால் ஆண் 'பூ', பெண் 'மிங்'. பெரியப்பா, சித்தப்பா வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சக ஊழியருக்கு இது ஒரு வருஷப் பாடம், நமக்கு ஒரு சாயங்காலம்.

இனி, நாம் வழக்கமாகத் தவறுகிற இடம். வகுப்பு முடிந்து ஒரு சிறுவன் காய்ச்சலோடு வந்தான். ஊர்ப் பழக்கத்தில் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டேன். அவன் அசையாமல் நின்றான், கூட்டிப்போக வந்திருந்த பாட்டியின் முகம்தான் மாறிவிட்டது. இங்கே தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், அந்நியர் தொடக்கூடாது. இப்போது கேட்டுவிட்டு, கையைக் கூப்பி நின்று ஜெபிக்கிறேன்.

வாடகை வீட்டுத் தரையில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன மாடம் இருக்கும், முன்னால் ஊதுவத்தி, வாழைப்பழம். எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டு வீட்டையே இழந்த தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். அது வீட்டுக்காரர் சொத்து. உறுத்தினால் ஒப்பந்தத்துக்கு முன்பே மரியாதையாகக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பௌத்தம் இந்த நாட்டின் அரச மதம். ஆராதனைக்குத் தடை இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதையும், உணவோ பணமோ கொடுத்து மதம் மாற்றுவதையும் 2007இல் அரசு உத்தரவு போட்டுத் தடுத்தது. என் கருத்தைக் கேட்டால், உத்தரவு இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். ஆங்கிலத்துக்கு என்று சொல்லி வரவழைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு சுவிசேஷம் சொல்கிற வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். கடையில் சம்பளம் உயர வேண்டும் என்று காசு சேர்த்துப் படிக்க வந்தவளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரமும் பாடம் கொடுங்கள். வேத வகுப்புக்குத் தனி நாள், தனிப் பெயர் வைத்து, வாசலில் எழுதிப் போடுங்கள். விருப்பமுள்ளவர்கள் வருவார்கள்.

'மை ஃபேமிலி' பாடத்தை யோசித்து நடத்துங்கள். மாலை வகுப்பில் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா, குடும்ப மரத்தில் மேலே இருந்த கட்டங்களை எல்லாம் காலியாக விட்டு நோட்டை மூடினார். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில், படித்தவர்களையும் ஆசிரியர்களையும் தேடித் தேடிக் கொன்ற ஊர் இது. இதே நகரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிதான் துவோல் ஸ்லெங் சிறையாக மாறியது. முன்னோர்களுக்குச் சோறு படைக்கும் ப்சும் பென் திருநாள், செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். "நீங்கள் செத்தவர்களுக்கு என்ன செய்வீர்கள், டீச்சர்?" என்று கேட்பார்கள். நான் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. புளி, தேங்காய்ப்பால், சோறு எல்லாம் உண்டு. 'ப்ரஹோக்' என்ற நொதித்த மீன், கருவாடு தின்று வளர்ந்தவர்களையே ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும். குக்கருக்கு கேஸ்கட் இரண்டு கொண்டு வாருங்கள். ஏறக்குறைய 4,000 ரியேலுக்கு ஒரு டாலர், சில்லறையை ரியேலில் தருவார்கள். ஓரம் கிழிந்த டாலரை யாரும் வாங்கமாட்டார்கள், கிடைத்தவுடன் விரித்துப் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் உள்ளே ஒரு உறை இருக்கும். அதில் பணம் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பந்தல் வாசலில் ஒருவர் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவார், நம் மொய் நோட்டேதான். எனக்கு முதல் பத்திரிகை எட்டாவது மாதம், பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. உறையின் மேல் கெமரில் எழுதியிருந்த என் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பெயர் பிடிபடவில்லை, அதற்கு முன்னால் இருந்த 'க்ரூ' மட்டும் பிடிபட்டது. எவ்வளவு வைப்பது என்று எதிர்வீட்டு மிங்கிடம் கேட்டுக்கொண்டேன்.