ஒரு சட்டியில் சிசிலி: கப்போனாத்தா செய்முறை

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான சிசிலியின் சமையலைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எங்கள் வாக்கு கப்போனாத்தாவுக்குத்தான். பொரித்த கத்தரிக்காயைத் தக்காளி, ஆலிவ், கேப்பர், செலரியோடு புளிப்பும் இனிப்புமாகச் சேர்த்து, ஆறவைத்துச் சாப்பிடுவது. 827-இல் வந்திறங்கிய அரபுகளின் காலத்தில்தான் கத்தரிக்காயும் கரும்பும் அந்தத் தீவில் வேரூன்றின. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டு பிந்தி வந்தது. உப்புக்கு டிராபானி உப்பளங்கள், பச்சை ஆலிவுக்குக் காஸ்டெல்வெட்ரானோ, பாதாமுக்கு அவோலா என்று தீவின் பல மூலைகளும் இந்தச் சட்டியில் வந்து சேரும்.

இங்கே தருவது சிசிலியின் தலைநகரான பலெர்மோவின் பாணி. ஆறு பேருக்குத் தொட்டுக்கொள்ளப் போதும்.

தேவையானவை

பெரிய ஊதாக் கத்தரிக்காய் 1 கிலோ
செலரித் தண்டு 200 கிராம்
பெரிய வெங்காயம் 1
பழுத்த தக்காளி 350 கிராம்
கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 120 கிராம்
கேப்பர் 40 கிராம்
ஒயின் வினிகர் 60 மி.லி.
சர்க்கரை இரண்டரை மேசைக்கரண்டி
ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி
பொரிக்கச் சூரியகாந்தி எண்ணெய் முக்கால் லிட்டர்
பாதாம் 40 கிராம்
பேசில் இலை ஒரு கைப்பிடி
கல் உப்பு

கேப்பர் என்பது பூ மொட்டு, காய் அல்ல. துனிசியாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பான்டெல்லேரியா என்ற எரிமலைத் தீவின் கேப்பருக்குத் தனிப் பெயர் உண்டு. அதை உப்பில் போட்டு வைப்பார்கள். உப்புக் கேப்பர் கிடைத்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். புட்டியில் வரும் உப்புநீர்க் கேப்பரைக் கழுவினாலே போதும். கறுப்பு ஆலிவ் வேண்டாம். அதன் சுவை இதோடு ஒட்டாது. பேசிலுக்குப் பதில் திருநீற்றுப்பச்சிலை போடலாம், இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் வாசனை தூக்கலாக இருக்கும், பாதி அளவே போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை வினிகரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் காட்டம் எத்தனை சர்க்கரை போட்டாலும் அடங்காது.

செய்முறை

1. கத்தரிக்காயைத் தோலோடு இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் பிசிறி, வடிதட்டில் போட்டு, மேலே கனமான தட்டு ஒன்றை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கசப்பு போகத்தான் இது என்பார்கள். இன்றைய கத்தரி ரகங்களில் பெரிதாகக் கசப்பு கிடையாது. உண்மையான பயன் வேறு. கத்தரிச் சதை முழுக்கக் காற்றறைகள். உப்பு நீரை இழுத்துவிட்டால் அவை அமுங்கிவிடும், எண்ணெய் குடிப்பதும் குறையும். பிறகு சட்டென்று அலசி, துணியில் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள்.

2. செலரியின் நாரை உரித்து, ஒரு செ.மீ. துண்டுகளாக்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். குழைந்த செலரி இருந்தால் சட்டி முழுவதும் ஒரே மெத்தென்றாகிவிடும்.

3. இனி பொரிப்பது. முதன்முறை செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். எண்ணெய் 180 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அளவுமானி இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. மூன்று நான்கு ஈடுகளாகப் போடுங்கள். ஒரே ஈடாகக் கொட்டினால் சூடு இறங்கி, கத்தரிக்காய் பொரியாமல் எண்ணெயில் வேகும், பஞ்சாக உறிஞ்சும். ஓர் ஈட்டுக்கு ஆறு ஏழு நிமிடம். பொன்னிறத்தில் எடுத்துவிடாதீர்கள், அதைத் தாண்டி நல்ல பழுப்பு நிறம் வரட்டும். வெளிறிய துண்டு பின்னால் கரைந்துவிடும். எடுத்ததும் காகிதத்தில் பரப்புங்கள், குவிக்க வேண்டாம்.

எண்ணெய் செலவுக்குப் பயந்து அடுப்பில் சுட்டெடுப்பவர்கள் உண்டு. சாப்பிடலாம், ஆனால் அது வேறு பதார்த்தம்.

4. அகலமான எவர்சில்வர் சட்டியை எடுங்கள். பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் வேண்டாம். புளிப்புப் பட்டால் உலோக வாடை ஏறும். ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தைச் சிறுதீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது. தோலுரித்து நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை விடுங்கள், சுமார் பதினைந்து நிமிடம். இதில் அவசரப்பட்டால் கடைசியில் எல்லாம் சலசலவென்று நீர்க்கும்.

5. ஆலிவ், கேப்பர், செலரி மூன்றையும் போட்டு ஐந்து நிமிடம் கிளறுங்கள்.

6. சர்க்கரையை வினிகரில் முழுதாகக் கரைத்துக்கொண்டு, சட்டியில் ஊற்றித் தீயைக் கூட்டுங்கள். இரண்டு நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். மூக்கில் ஏறும் காரநெடி அடங்கினால் போதும். மூடிவைத்தால் அந்த நெடி உள்ளேயே தங்கிவிடும்.

7. கத்தரிக்காயைப் போட்டு, அடியிலிருந்து மெதுவாகப் புரட்டி, மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். இப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். ஆலிவும் கேப்பரும் ஏற்கெனவே உப்பானவை. பெரும்பாலும் சேர்க்கவே வேண்டியிருக்காது. பேசிலைக் கிள்ளிப் போடுங்கள்.

சாப்பிடும் நேரம்

சுடச்சுட ருசி பார்த்தால் வினிகர் தனியாக, சர்க்கரை தனியாக நிற்கும். அதைப் பார்த்துச் சர்க்கரையைக் கூட்டிவிடாதீர்கள். குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊறுகாய் மாதிரி ஊறினால்தான் ஒன்றுசேரும். குளிர்பெட்டியில் கண்ணாடிப் பாத்திரத்தில் நான்கு நாள் தாங்கும். பரிமாற ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள், சில்லென்று இருந்தால் சுவை மந்தமாகத் தெரியும். வறுத்து ஒன்றிரண்டாக நறுக்கிய பாதாமைப் பரிமாறும்போது தூவுங்கள். முன்னரே கலந்தால் நமத்துவிடும்.

பலெர்மோவில் இதைச் சாப்பாட்டுக்கு முன் ரொட்டியோடு வைப்பார்கள், சுட்ட மீனுக்குப் பக்கத்திலும் வைப்பார்கள். தீவின் கிழக்கே கத்தானியா பக்கம் போனால் குடைமிளகாயும் சேரும். அதைச் செய்ய விரும்பினால் கத்தரிக்காயில் கால் கிலோவைக் குறைத்து, அதே எடைக்குச் சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயை எடுத்து, கத்தரிக்காய்க்குப் பிறகு அதே எண்ணெயில் தனியாகப் பொரித்து ஏழாம் படியில் சேருங்கள். குடைமிளகாய் தானே இனிப்பு, ஆகவே சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி போதும்.